மூன்றாவது கையெழுத்து

நுரிபா சிறப்புக் கல்விக்கு விரும்பி வந்தவள் அல்ல. வரலாறு படிக்கத்தான் கிர்கிஸ் நாட்டு நாரின் மலையிலிருந்து தலைநகருக்குப் பேருந்து ஏறினாள். அங்கே இடமெல்லாம் நிரம்பியிருந்தது. எழுத்தர் அம்மாள் முகத்தைக்கூட நிமிர்த்தாமல், "தாஷ்கந்துல குறைபாட்டியலுக்கு நம்ம குடியரசுக்குன்னு ரெண்டு இடம் ஒதுக்கியிருக்காங்க. ஒண்ணு காலி. வேணும்னா சொல்லு, இல்லன்னா ஊருக்குப் போய் ஆட்டப் பாரு" என்றாள். காது கேளாத பிள்ளைகள், பேச்சு வராத பிள்ளைகள், புத்தி மெதுவாக வளரும் பிள்ளைகள் எல்லோருக்கும் பாடம் சொல்லித் தரும் படிப்புக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர். ஆட்டைப் பார்க்க நுரிபாவுக்கு மனமில்லை. படிவத்தை வாங்கி நிரப்பினாள்.

ஐந்து வருஷம் கழித்து நாரினுக்கே வேலைக்கு வந்தாள். ஊர்க்கோடியில் இருந்த சிறப்புப் பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகள் அவளை "எஜே" என்று கூப்பிட்டார்கள். அங்கெல்லாம் அக்காவையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஆசிரியையையும் அப்படித்தான். அந்தச் சொல்லைக் கேட்ட முதல் வாரத்திலேயே அவளுக்கு வரலாறு மறந்துபோயிற்று.

ஒவ்வொரு வசந்தத்திலும், கணவாய்ப் பனி உருகியதும், குழு ஒன்று உட்காரும். ஏழு வயதான பிள்ளைகளில் சந்தேகப்பட்டவர்களைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பார்கள். ஒரு பிள்ளைக்கு இருபது நிமிஷம். அதற்குள் அது சாதாரணப் பள்ளிக்கா, சிறப்புப் பள்ளிக்கா, இல்லை 'கற்பிக்க இயலாதவர்' என்று எழுதித் தாழ்நிலத்தில் இருந்த காப்பகத்துக்கா என்று முடிவாகிவிடும். காகிதத்தில் மூன்று கையெழுத்து வேண்டும். நரம்பு மருத்துவர் ஒருவர், குழுத் தலைவி ராயிசா பாவ்லோவ்னா, மூன்றாவதாக ஓர் ஆசிரியை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் அந்த மூன்றாவது நாற்காலி நுரிபாவுக்கு வந்தது. அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

இரண்டாம் நாள் மத்தியானம் சோனுன் என்ற மேய்ப்பர் வீட்டுப் பெண் தன் மகளை முதுகில் சுமந்துகொண்டு உள்ளே வந்தாள். மகள் பெயர் சல்கின். கையும் காலும் முறுக்கிக்கொண்டு, தலை நிலையாய் நிற்காமல், வாயில் எச்சில் வழிய இருந்தாள். கழுத்தில் புதிதாய்த் தைத்த சிவப்புத் துணி கட்டியிருந்தது. மருத்துவர் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். ராயிசா பாவ்லோவ்னா நான்கு படங்களை மேசையில் பரப்பி, இதில் சேராதது எது என்று ரஷ்ய மொழியில் கேட்டாள். டிராம், பேருந்து, மின்தூக்கி, குளிர்பதனப் பெட்டி. சல்கின் பேருந்தை மட்டும்தான் கண்ணால் பார்த்திருப்பாள், அதுவும் அன்று காலையில்.

சோனுன் நுரிபாவைப் பார்த்து கிர்கிஸ் மொழியில் சொன்னாள்: "இவளுக்கு எல்லாம் புரியும் தங்கச்சி. சாயங்காலம் ஆடு திரும்புறப்ப ஒண்ணு குறைஞ்சா மொதல்ல கண்டுபிடிக்கிறது இவதான். மேட்டையே பாத்துக்கிட்டுக் கத்துவா. இவ அப்பன் எண்றதுக்கு முந்தி இவ சொல்லிடுவா. அந்தம்மாகிட்ட சொல்லு."

நுரிபா சொன்னாள். ராயிசா பாவ்லோவ்னா கெட்டவள் அல்ல. களைத்திருந்தாள். "எல்லா அம்மாவும் இதத்தான் சொல்றாங்க நுரிபா. வெளிய இன்னும் பதினோரு பேர் நிக்கறாங்க" என்றாள்.

நுரிபா குனிந்து, "உங்க நாய் எங்கடி?" என்று சிறுமியிடம் மெல்லக் கேட்டாள். சல்கினின் கண் சட்டென்று ஜன்னல் பக்கம் போயிற்று. வெளியே அவர்கள் வந்த வண்டியின் சக்கரத்தில் ஒரு மஞ்சள் நாய் கட்டியிருந்தது. சல்கின் நாயைப் பார்த்தாள், திரும்ப நுரிபாவைப் பார்த்தாள், வாய் கோணச் சிரித்தாள்.

"கேள்வித்தாள்ல இருக்கறத மட்டும் கேளுங்க. நீங்களா ஒண்ணும் சேர்க்கக் கூடாது" என்றாள் ராயிசா பாவ்லோவ்னா.

காகிதம் இரண்டு கையெழுத்தோடு நுரிபா முன்னால் வந்தது. அவள் பேனாவை எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் போட்டுவிட்டாள்.

"முடிஞ்சுதா? அங்க வைத்தியம் பண்ணுவாங்களா? நடப்பாளா?" என்று சோனுன் கேட்டாள்.

"நல்லா பாத்துப்பாங்க எஜே" என்றாள் நுரிபா. அந்தக் காப்பகத்தை அவள் அதுவரை பார்த்தது கிடையாது.

ஆறு வருஷத்தில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. பள்ளிக்கு நிலக்கரி வருவது நின்றது. ஆசிரியைகள் பாதிப் பேர் சந்தையில் துணி விற்கப் போனார்கள். நுரிபா மட்டும் கோட்டைப் போட்டுக்கொண்டு, மை உறையாமல் இருக்கப் பேனாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பாடம் நடத்தினாள். பேச்சு வராத பிள்ளைகள் ஆமாம் என்பதையும் இல்லை என்பதையும் எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தது அப்போதுதான். ஒருத்தி பெருவிரலை மடக்குவாள். ஒருவன் மூச்சை நிறுத்துவான். ஒரு பெண் குழந்தை ஆமாம் என்றால் கொட்டாவி விடும்; அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து மூன்று வருஷம் திட்டியிருந்தார்கள். நோட்டுகள் பெருகின. டிராமுக்குப் பதில் சவுக்கு, கம்பளம், குதிரைப்பால் கடையும் மத்து என்று வீட்டுப் பொருள்களை வைத்து, வீட்டு மொழியில் கேட்கும் சோதனை ஒன்றை அவள் தானாகவே உருவாக்கினாள். முப்பத்தெட்டு வயதில் தலைநகர் பிஷ்கெக் போய் ஆராய்ச்சிக்குப் பதிந்தாள்.

கணவன் சுயுன்பெக் சிற்றுந்து ஓட்டுபவன். "ஊர்ல இருக்கறவன் பொண்டாட்டியெல்லாம் துருக்கிக்குச் சரக்கு வாங்கப் போறா. என் பொண்டாட்டி கொட்டாவிய எண்ணப் போறா" என்று பயணிகளிடம் சொல்லிச் சிரிப்பான். ஆனால் அவள் நோட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பத்திரமாக அடுக்கி வைத்தவனும் அவன்தான்.

இரண்டாயிரத்து இரண்டில், காப்பகங்களில் இருப்பவர்களை அவளுடைய சோதனையால் மறுபடி பார்க்க அனுமதி கிடைத்தது. மொத்தம் ஐம்பத்தெட்டுப் பேர். தாழ்நிலக் காப்பகத்தில் பெரியவர்கள் பிரிவின் கோப்புகளை ஒவ்வொன்றாய்ப் பிரித்துக்கொண்டிருந்தபோது தன் கையெழுத்தைப் பார்த்தாள். பெயரைப் படிக்கும் முன்னாலேயே நாய் ஞாபகம் வந்தது.

சல்கின் இருபத்து நான்கு வயதுப் பெண்ணாய், சுவரோரக் கட்டிலில் கிடந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். உடம்பு பன்னிரண்டு வயதுக்கு மேல் வளரவில்லை. பணிப்பெண் உரத்த குரலில், "இதுக்கு ஒண்ணும் தெரியாது எஜே. ஊட்டினா முழுங்கும், அவ்வளவுதான். பாவம், தொந்தரவு கிடையாது" என்றாள். அதைக் கேட்டுச் சல்கின் கண்ணை ஒரு முறை மேலே உருட்டினாள். சலித்துப்போனவள் செய்வது அது. நுரிபா கட்டிலருகே உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாள்.

ஆமாம் என்றால் கண் மேலே. இல்லை என்றால் கண்ணை மூடுவது. அரை மணி நேரத்தில் அது பிடிபட்டுவிட்டது. பதினேழு வருஷமாய் யாரும் கேட்கவில்லை என்பதைத் தவிர அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து ஒரு சனி விட்டு ஒரு சனி நுரிபா அங்கே போனாள். ஒட்டுப்பலகையில் முப்பத்தாறு எழுத்துகளை ஆறு வரிசையாய் எழுதி எடுத்துப் போனாள். முதல் வரிசையா, இரண்டாவதா என்று விரலை வைத்துக் கேட்பாள். சல்கினின் கண் மேலே போகும் இடத்தில் நிறுத்துவாள். "அங்க உனக்கு வேற புருஷன் இருக்கானா?" என்று சுயுன்பெக் இரண்டு மாதம் கேலி பண்ணினான். மூன்றாம் மாதம் அவனே வண்டியில் கொண்டுபோய் விட்டான். ஒரு தரம் உள்ளே வந்து பார்த்தான். அதற்கப்புறம் கேலி நின்றது.

எழுத்துகள் பிடிபட்டதும் சல்கின் சேர்த்த முதல் சொல் 'அம்மா'. அதற்குப் பின்னால் இன்னும் ஒரு சொல் வைத்தாள்: 'எங்க'.

நுரிபா விசாரித்து வைத்திருந்தாள். சோனுன் முதல் வருஷம் மூன்று தடவை வந்திருக்கிறாள். வந்து போனால் பெண் ஒரு வாரம் கத்துகிறாள், வராமல் இருப்பதே அவளுக்கு நல்லது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். படித்தவர்கள் சொன்னதை நம்பி அவள் வருவதை நிறுத்திவிட்டாள். தொண்ணூற்றாறில் நெஞ்சுச்சளியில் போய்விட்டாள். நுரிபா ஒன்றையும் மறைக்கவில்லை. "அவங்க போயி ஆறு வருஷமாச்சு கண்ணு. வராம இருந்தது பாசமில்லாம இல்ல. வரக் கூடாதுன்னு இவங்க சொல்லிட்டாங்க" என்றாள். தாலாய் என்று ஒரு தம்பி பிறந்ததையும் சொன்னாள். சல்கின் கத்தவில்லை. கண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது, நுரிபா துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கையெழுத்தைப் பற்றிச் சொல்ல அவளுக்கு இன்னும் ஆறு மாதம் ஆயிற்று. கோப்பையே கொண்டுபோய்க் காட்டினாள். "இது நான். மூணாவது பேரு. உனக்குப் புரியுதுன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்."

சல்கின் கண்ணை மூடினாள். மாலையில் வண்டி கிளம்பும்வரை திறக்கவில்லை. அடுத்த இரண்டு தடவையும் அப்படியே. நுரிபா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினாள். மூன்றாம் தடவை பலகையைத் தூக்கியதும் கண் திறந்தது. 'ஏன்' என்று சேர்த்தாள்.

நுரிபாவிடம் தயாராய்ப் பல பதில்கள் இருந்தன. கேள்வித்தாள், விதிமுறை, அந்தக் காலம். அவற்றை ஒதுக்கினாள். "பயமா இருந்துச்சு" என்றாள்.

 சல்கின் எழுத்து எழுத்தாய்ச் சேர்த்தாள்: 'எனக்கும்'.

அதற்குமேல் அவர்கள் அதைப் பேசவில்லை. மன்னித்தாளா என்று நுரிபா கேட்கவும் இல்லை. சல்கின் வேறு விஷயங்களைச் சொன்னாள். கஞ்சி சூடு அதிகம். பக்கத்துக் கட்டில்காரிக்கு இடது காது வலிக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. இரவுப் பணிக்காரி பாட்டு நன்றாய் இருக்கும். முடியை வளர்க்க வேண்டும். முடியை வளர்க்க விடுவதற்கு நுரிபா காப்பக நிர்வாகத்துக்கு நான்கு மனு எழுதவேண்டியிருந்தது.

ஆராய்ச்சி முடிவில், ஐம்பத்தெட்டுப் பேரில் பத்தொன்பது பேருக்குச் சொல்வதெல்லாம் புரிந்தது என்று தெரிந்தது. சல்கின் கோப்பில் மூன்றாவது கையெழுத்து யாருடையது என்பதையும் நுரிபா ஆய்வேட்டில் எழுதியிருந்தாள். வழிகாட்டியாய் இருந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இந்தப் பத்திய எடுத்துடுங்கம்மா. உங்களுக்காகத்தான் சொல்றேன். ஆராய்ச்சின்னா தன்னப் பத்தி எழுதறதில்ல."

"என் கையெழுத்து இல்லாம அந்தக் கோப்பு இல்லீங்க ஐயா."

"நாளைக்கு உங்கள வேலைக்கு எடுக்கறவன் இதத்தான் படிப்பான்."

"படிக்கட்டும்" என்றாள்.

அந்தப் பத்தியோடுதான் பட்டம் வாங்கினாள். அன்று சுயுன்பெக் ஓர் ஆடு வெட்டினான். உறவெல்லாம் வந்து வாழ்த்திச் சாப்பிட்டார்கள். நுரிபா எல்லோருக்கும் பரிமாறினாளே தவிர, தான் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. பத்தொன்பது பேரும் இன்னும் அதே கட்டில்களில்தான் இருந்தார்கள். அவர்களை வெளியே கொண்டுவர வீடும் இல்லை, ஆளும் இல்லை, அப்படி ஒரு விதியும் இல்லை. ஏழு பேருக்கு மட்டும் தாய்தகப்பன் தேடி வந்தார்கள். சல்கினின் தகப்பன் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு மலைக்கு மறுபக்கம் போய்விட்டான். தம்பி மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். தொலைபேசியில், "கோடைக்கு வரேன் எஜே. வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்னு அவகிட்ட சொல்லுங்க" என்றான். அவள் சொன்னாள். சல்கின் கண்ணை மேலே கொண்டுபோனாள்.

இரண்டாயிரத்து ஐந்து பிப்ரவரியில், வெப்பக்குழாய் வெடித்து இரண்டு நாள் சூடு இல்லாமல் கிடந்த காப்பகத்தில், சல்கினுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கணவாய் மூடியிருந்ததால் நுரிபா ஒரு நாள் தாமதமாய்த்தான் போய்ச் சேர்ந்தாள். கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள்.

தாலாய் மூன்றாம் நாள் வந்தான். மெலிந்த, பத்தொன்பது வயதுப் பையன், கையெல்லாம் சிமெண்ட் வெடிப்பு. அக்காவை அவன் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. தோள்வரை வளர்ந்திருந்த முடியைப் பார்த்துவிட்டு, "அம்மா மாதிரியே" என்றான். ஊரில் அடக்கம் செய்ய ஆண்கள் சல்கினின் உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நுரிபா பக்கத்தில் வந்து நின்றான்.

"எஜே, அவ பேசுவான்னு சொன்னீங்களே. என்ன பேசினா? எல்லாத்தையும் சொல்லுங்க."

வண்டியின் முன்னிருக்கையில் இருவரும் உட்கார்ந்தார்கள். சுயுன்பெக் ஓட்டினான். நுரிபா முதல் சொல்லிலிருந்து வரிசையாய்ச் சொன்னாள். கஞ்சி, பக்கத்துக் கட்டில்காரியின் காது, பாட்டு, முடி, தம்பிக்கு மீசை முளைத்திருக்கிறதா என்று கேட்டது, 'ஏன்' என்று கேட்டது, அதற்குத் தான் சொன்னது.  ஆற்றுப்பாலம் வருவதற்குள் சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது.

"அவ்வளவுதானா?" என்றான்.

"அவ்வளவுதான்பா. ஒரு சொல்லுக்குப் பத்து நிமிஷம் ஆகும் அவளுக்கு."

அவன் தலையாட்டினான். மலையேறும் இடத்தில் பனி அள்ளும் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். சுயுன்பெக் இறங்கிப் போய், பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டினான்.