மாமா கேட்ட குரல்

மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு ஒரு ஹெட்போன் இருந்தது. காதில் படும் பஞ்சு பிய்ந்து உள்ளேயிருந்த தகடு தெரியும். வாய்க்கு நேரே நீளும் மைக்குக் கம்பி நிற்காமல் தொங்கிப்போனதால், கறுப்பு டேப் சுற்றி நான்தான் அதை நிமிர்த்தி வைத்திருந்தேன். திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் இருந்த அந்த பிரௌசிங் சென்டரில் ஏழு கம்ப்யூட்டர்கள். பேசவும் கேட்கவும் வழியிருந்தது இந்த ஒன்றில் மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டு வயது முடிந்த என் அக்கா மகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஹெட்போனை அவள் தலையில் மாட்டினேன். அது நழுவிக் கழுத்தில் விழுந்தது. “எனுக்கு வாணாம், நீயே போட்டுக்கோ” என்று கழற்றி என்மேல் எறிந்தாள். பதிவுப் பொத்தானை அமுக்காமல் விட்டுவிட்டேனே, எவ்வளவு அழகான வாக்கியம் போய்விட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அதைவிடப் பெரிதாகக் கோட்டை விடப்போவது அப்போது எனக்குத் தெரியாது.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். விழுப்புரத்தில் லாரிப் பட்டறை ஒன்றில் வெல்டராக இருந்தவர். அக்காவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது வளைகுடா நாடொன்றில் வேலை கிடைத்துப் போனார். மூன்று வருட ஒப்பந்தம். நடுவில் ஊருக்கு வர முடியாது. பாப்பா பிறந்தது, குப்புற விழுந்தது, எழுந்து நடந்தது எல்லாமே அவருக்கு போட்டோவும் கடிதமும்தான். சும்மா உட்காரத் தெரியாத மனிதர் அவர். மாமனார் வீட்டுக்கு விருந்துக்கு வந்த நாளிலேயே, கிறீச்சிட்ட எங்கள் வீட்டு வாசல் கேட்டைப் பார்த்து “இன்னா பேஜாரு இது” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீலைக் கழற்ற ஆரம்பித்தவர். புது மாப்பிள்ளை கையெல்லாம் கிரீஸ். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்ததை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த வீட்டில் எனக்காகப் பேசிய ஒரே ஆளும் அவர்தான். கல்லூரியில் எட்டுப் பாடங்களில் அரியர் வைத்துவிட்டு வெளியே வந்தவன் நான். தட்டச்சு ஆரம்பித்தேன், விட்டேன். டிரைவிங் பழகப் போனேன், அதையும் விட்டேன். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார். மாமாதான் போன் செய்யும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு, “மச்சான், எதயாச்சும் ஒண்ண முழுசா முடிச்சிக் காட்டு. பெருசா இல்லன்னாலும் பரவால்ல. அப்புறம் உன்ன புடிக்க முடியாது பாரு” என்பார். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ் ஏறித் திண்டிவனம் போய் அந்த பிரௌசிங் சென்டரில் நான் வேலைக்கு ஒட்டிக்கொண்டு கிடந்ததே அந்த ஒரு சொல்லுக்காகத்தான். அங்கே சும்மா இருக்கிற நேரத்தில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு வெப் பக்கம் எழுதக் கற்றுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாமாவுக்கு விடுமுறை. எதிர்வீட்டு போனுக்கு அழைப்பார். நாங்கள் எல்லோரும் அங்கே ஓடுவோம். பாப்பா நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை. பூனையோடு பேசும், வாளியோடு பேசும், தன் செருப்பைத் திட்டும். ஆனால் ரிசீவரைக் காதில் வைத்தால் போதும், வாயில் கொழுக்கட்டை வைத்தது போல இருந்துவிடும். “அப்பா பேசறாருடி, அப்பான்னு சொல்லு” என்று அக்கா கெஞ்சுவாள். கிள்ளியும் பார்த்திருக்கிறாள். அழுகைகூட ரிசீவரைக் காதிலிருந்து எடுத்த பிறகுதான் வரும். அந்தப் பக்கம் மாமா “பாப்பா... பாப்பா...” என்று கத்திக்கொண்டிருப்பது எங்கள் எல்லோருக்கும் கேட்கும். இரண்டு வருடத்தில் மகள் பேசி அவர் ஒரு சொல் கேட்டதில்லை. “ஊமையாடி எம்பொண்ணு? மறைக்காம சொல்லு” என்று ஒருநாள் அவர் கேட்டுவிட, அக்கா அன்று சாப்பிடவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பாப்பாவின் பேச்சைப் பதிவு செய்து, அவளுக்கென்று ஒரு வெப் பக்கம் போட்டுவிட்டால், மாமா அங்கே ஏதாவது ஒரு பிரௌசிங் கடையில் உட்கார்ந்து வேண்டுமட்டும் கேட்டுக்கொள்ளலாம். இன்றைக்குக் கைக்குழந்தைகூட விரலால் தடவி வீடியோ பார்க்கிறது. அன்று பிரௌசருக்குள் ஒரு நிமிடச் சத்தம் வருவதற்குள் உயிர் போய் உயிர் வரும். தனியாக ஒரு பிளேயர் வேண்டும், அது எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்காது, ஃபைல் பெரிதாக இருந்தால் வந்து சேரவே சேராது. அந்த ஞாயிற்றுக்கிழமை, ஹெட்போன் தலையில் நிற்காததால், மைக்குக் கம்பி அவள் பக்கம் இருக்கும்படி அதை மேசைமேல் மறைத்து வைத்துவிட்டு, பாப்பாவின் முன்னால் வறுத்த மல்லாட்டைக் கடலையைக் கொட்டினேன். உரித்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். எனக்கும் பங்கு கேட்டேன். “உனுக்கு இல்ல, இது எங்கப்பாவுக்கு, ஃபிளைட்ல போவும்” என்றாள். பக்கத்தில் நின்ற அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம் சொச்சம் பதிவானது.

பத்து நாள் உழைத்தேன். மேலே பாப்பாவின் போட்டோ, சுற்றிலும் ரோஜாப் பூ, பக்கம் திறந்ததும் தானாகக் குரல் வரும். எல்லாவற்றையும் இலவசமாக இடம் தருகிற ஒரு தளத்தில் ஏற்றினேன். மூன்றாம் நம்பரில் முகவரியை அடித்துத் திறந்தேன். “இது எங்கப்பாவுக்கு” என்று பாப்பா பேசினாள். சென்டருக்கு வந்திருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். அடுத்த நாள் பக்கத்தை அச்செடுத்துப் போய் அப்பா பார்க்கும்படி டிவி மேல் வைத்தேன். நான் முழுசாக முடித்த முதல் காரியம் அது.

மாமாவுக்கு மெயிலில் முகவரி அனுப்பினேன். முதல் வெள்ளி, “கடை மூடிக் கெடக்குது மச்சான்” என்றார். அடுத்த வெள்ளி, ஒரே கூட்டம், இடம் கிடைக்கவில்லை என்றார். எனக்குக் கோபம். “மாமாவுக்கு அக்கறையே இல்ல. பெத்த பொண்ணு கொரல கேக்க வலிக்குதா?” என்று அக்காவிடம் எரிந்து விழுந்தேன். மூன்றாம் வெள்ளி போன் எடுத்ததும் நானே பேசினேன். “கேட்டேன் மச்சான்! கணீர்னு இருக்குதுடா கொரலு. அப்படியே பாட்டு கிளாஸ்ல போட்டுடலாம். சாதிச்சிட்ட போ!” என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ரிசீவரை அக்காவிடம் கொடுத்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று “ம்... ம்...” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். புருஷன் பெண்டாட்டி பேசட்டும் என்று நான் வெளியே வந்துவிட்டேன்.

ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருக்கையில், வேலை செய்த இடத்தில் சாரம் சரிந்து மாமா இறந்துபோனார். உடல் வந்து சேர இருபது நாளுக்கு மேல் ஆனது. அக்கா அழுதாளா என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். “பாவி மனுசன் பொண்ணு மொகத்த நேர்ல பாக்கல. கொரலயாச்சும் கேட்டுட்டுப் போனாரே, அந்த மட்டும் போ.” ஒவ்வொரு முறை அதைச் சொல்லும்போதும் பெண்கள் என் பக்கம் கையைக் காட்டுவார்கள். அப்பா முதல்முறையாக என் தோளில் கை வைத்தார். சொன்னால் கேவலம்தான், ஆனாலும் சொல்கிறேன்: மாமாவின் உடல் கிடந்த வீட்டில் எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

எட்டு வருடம் அந்தப் பெருமையில்தான் ஓட்டினேன். அரியரை எழுதி முடித்தேன். விழுப்புரத்திலேயே ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் வெப் பக்கம் வடிவமைக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை கிடைத்தது. அக்கா அங்கன்வாடிக்குப் போனாள். மாமா சொன்னார் என்று பாப்பாவை ஐந்து வயதில் பாட்டு கிளாஸில் சேர்த்தாள். பள்ளியில் இறைவணக்கம் பாடுவது அவள்தான். யாராவது குரலைப் பாராட்டினால், “எங்கப்பா அப்பவே சொல்லிட்டாரு” என்பாள்.

ஒருநாள் வகுப்பில், கல்லூரி மாணவி ஒருத்தி தன் ஊர்த் தேர்த் திருவிழா வீடியோவை வைத்து ஒரு பக்கம் செய்து கொண்டுவந்தாள். என் கம்ப்யூட்டரில் திறந்தால் காலிக் கட்டம்தான் வந்தது. “எங்க வீட்ல நல்லா ஓடுச்சி சார், சத்தியமா” என்றாள். பக்கத்துக்குள் எழுதியிருந்ததைத் திறந்து பார்த்தேன். வீடியோவின் இடமாக அவள் வீட்டுக் கம்ப்யூட்டரின் சி டிரைவைக் காட்டியிருந்தது. “ஏம்மா, உன் வீட்டு அலமாரிய காட்டி ஊரையே வந்து எடுத்துக்கச் சொன்னா எப்படி? அலமாரி உன் வீட்லதான இருக்குது? உனக்கு மட்டும்தான் ஓடும்” என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் பாப்பாவின் பக்கம் நினைவுக்கு வந்தது. மூன்றாம் நம்பர் தவிர வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததே இல்லை.

மதியம் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, அந்தப் பக்கத்தை நகலெடுத்து வைத்திருந்த பழைய சிடியைத் தேடி எடுத்தேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பக்கத்தை எழுத்தாகத் திறந்தேன். இருந்தது. சி டிரைவ், அதற்குள் என் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் பாப்பாவின் குரல். போட்டோவுக்குச் சரியாகத்தான் எழுதியிருந்தேன். குரலை மட்டும் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளே சேர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறேன். இத்தனைக்கும் குரல் ஃபைலையும் மேலே ஏற்றித்தான் இருந்தேன். மாமா பார்த்த பக்கத்துக்குப் பக்கத்திலேயே அது கிடந்திருக்கிறது. அங்கே எடு என்று சொல்லாமல், திண்டிவனத்துக்குப் போய் எடு என்று எழுதி வைத்திருக்கிறேன். அடப்பாவி, ஒரே ஒரு வரி!

அக்கா அங்கன்வாடியிலிருந்து வந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “அக்கா, மாமா பாப்பா கொரல கேட்டிருக்கவே முடியாது. தப்பு எம்மேலதான்” என்று போட்டு உடைத்தேன். அவள் கீரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “தெரியும்டா” என்றாள்.

“அன்னிக்கி போன்லயே எங்கிட்ட சொல்லிட்டாரு. மூணு வெள்ளிக்கெழமையும் போயிருக்காரு. கட தொறந்துதான் இருந்திச்சி. ஒவ்வொரு கம்ப்யூட்டரா மாறி மாறி ஒக்காந்து பாத்தாராம். போட்டோ வருது, பூ வருது, சத்தம் மட்டும் வரலியாம். மச்சான்கிட்ட சொல்லிடாத, மொதமொதல்ல ஒண்ண முழுசா செஞ்சிருக்கான், சொன்னா உட்டுட்டுப் பூடுவான்னாரு. ஐப்பசியில வந்து நேர்ல கேட்டுக்கறேன்னாரு.” இன்னொரு கீரைக் கட்டைப் பிரித்தாள். “அவரு சொன்னா என்னா, நான் உங்கிட்ட சொல்லியிருக்கணும். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ சரி பண்ணியிருப்ப இல்ல? எத்தினி நேரம் ஆவும்டா அதுக்கு?” என்று கேட்டாள்.

ரெண்டு நிமிஷம் ஆகும். அதை எப்படி அவளிடம் சொல்வேன்? “கஷ்டம்க்கா, அப்ப அதெல்லாம் முடியாது” என்றேன். நம்பினாளா தெரியாது. “அப்ப பாட்டு கிளாஸு?” என்று கேட்டேன். “கேக்காம சொன்னாலும் அவரு சொன்னதுதான? பொண்ணப் பத்தி அவரு சொன்னது அது ஒண்ணுதான். மெய்யாக்கிப்புடணும்னு தோணிச்சி” என்றாள். பிறகு, “பாப்பாகிட்ட மட்டும் வாயத் தொறந்துடாத” என்றாள்.

அந்த வரியில் சி டிரைவையும் என் பெயரையும் அழித்துவிட்டு ஃபைலின் பெயரை மட்டும் விட்டேன். பக்கத்தைத் திறந்தேன். பாப்பா பேசினாள். எட்டு வருடத்துக்குப் பிறகு கேட்கும்போதுதான் உறைத்தது, அன்று அவளுக்கு நல்ல சளி. மூக்கு அடைத்து, தொண்டை கட்டி, பாதிச் சொல் விளங்கவில்லை. அக்கா கீரைக் காம்பைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பள்ளி விட்டு வந்த பாப்பா, பையைக்கூட இறக்காமல் ஓடிவந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். “ஏ மாமா, இதுதான? அப்பா கேட்டது இதுதான?” முழுவதையும் கேட்டாள். மறுபடி போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஐய்ய, இதுவா கணீர்னு இருக்குது? தவள கத்தற மாரி இருக்குது. அப்பா சும்மா அள்ளி உட்டிருக்காரும்மா. எனக்கோசரம் பொய் சொல்லியிருக்காரு பாரேன்!”

அக்கா என்னைப் பார்க்கவில்லை.

“ஆமா கண்ணு” என்றேன். “உனக்கோசரம்தான்.”