இரண்டு வருடத்துக்கு ஒரு தண்ணீர் நிபுணர்

தண்ணீரைச் சோதிக்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாட்டில் நிறைந்த பிறகும் எழுந்திருக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். பெங்களூரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் அப்படி உட்கார்ந்திருந்த என்னை அரசாங்கம் இரண்டு வருட ஒப்பந்தத்தில் திருப்பூருக்குக் கூப்பிட்டது. சாயத்தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போன கிணறுகள் தேறுகின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். என்னைப் போல ஒப்பந்தத்தில் அரசு அலுவலகத்துக்குள் போய் முழித்தவர்களே, மீதி உங்களுக்குத் தெரியும்.

முதல் நாள்

பழைய கோப்புகள் அடுக்கிய அறையில், ஜன்னலோரமாக இடம் கொடுத்தார்கள். எதிர் மாடியில் பனியன் துணி காய்ந்துகொண்டிருந்தது. காற்றடிக்கும்போதெல்லாம் இளமஞ்சளும் ஊதாவும் வானத்தை மூடி மூடித் திறந்தன. அதில் மயங்கி இருந்தபோது பொறியாளர் துரைசாமி சார் வந்தார். அந்த அலுவலகத்துக்கு அவர்தான் தலைவர். என் வேலை என்னவென்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பணிவாகச் சொன்னார்: "நீங்க என்ன வேணா சொல்லலாமுங்க மேடம். கையெழுத்து மட்டும் போட முடியாதுங்க."

கிணற்றுக்குள்

முதலிபாளையம் பக்கம் கந்தசாமி, ருக்மணி தம்பதியின் கிணறு என் கணக்கில் வந்தது. தண்ணீர் கெட்டதும் வெள்ளாமையை விட்டுவிட்டு இருவரும் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விவசாய நிலத்தை அங்கே காடு என்பார்கள்; அவர்கள் காடு முழுக்கச் சீமைக்கருவேலம்.

படியிறங்கிப் பாட்டிலை நிரப்பினேன். காலை வெயில் தண்ணீரில் பட்டு, கல்சுவரில் வலை வலையாக அசைந்தது. ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்துவிட்டு, போகாமல் இருந்தது. எவ்வளவு நேரம் போனதோ தெரியவில்லை. மேலே இருந்து ருக்மணியின் முகம் எட்டிப் பார்த்தது. "ஏனுங்க, எறங்குனவங்க சத்தத்தையே காணமுன்னு பயந்து போயிட்டனுங்க!"

கோடை

மழை நன்றாகப் பெய்து குளம் நிரம்பிய பிறகு, கிணற்றில் உப்பு குறைந்துகொண்டே வந்தது. கோடையில் மறுபடி ஏறும் என்று பயந்தேன். ஏறியது, ஆனால் கொஞ்சம்தான். அந்த அளவு கையில் வந்த அன்று, அதையே பார்த்துக்கொண்டிருந்து பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அதற்குள் கந்தசாமி காட்டைக் குடோன் கட்டுகிற ஒருவருக்கு விற்கப் பேசி முடிக்கும் நிலையில் இருந்தார். துரைசாமி சாரோ, இன்னும் ஒரு வருடம் பார்க்காமல் எதுவும் எழுத்தில் தர முடியாது என்றுவிட்டார். நானே போய்ச் சொன்னேன்: இந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது, தீவனச் சோளத்துக்கு ஆகும், என் கணிப்பு தப்பினால் மண் இன்னும் கெடும். ருக்மணிதான் கேட்டார்: "அடுத்த வருசம் நீங்க இருக்க மாட்டீங்க. தண்ணி இருக்குமுங்களா?"

ஒரு துண்டு காடு

மழை வந்தால், மேலே யாரும் மறுபடி சாயத்தை விடாமல் இருந்தால், இருக்கும் என்றேன். கணவனும் மனைவியும் அன்று முழுக்க மல்லுக்கட்டினார்களாம். கடைசியில், கிணற்றை ஒட்டிய ஒரு துண்டை மட்டும் உழுது பார்த்துவிட்டு அப்புறம் விற்பதைப் பேசலாம் என்று ருக்மணி நிறுத்திவிட்டார்.

சோளம் முளைத்த வாரம், நான் கூப்பிடாமலே துரைசாமி சார் ஜீப்பில் வந்து இறங்கினார். வரப்பில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, ஈர மண்ணில் காலை வைத்தார். பயிரைப் பார்த்துக்கொண்டே நின்றவரை நான் கூப்பிடவில்லை. அந்த மாதிரி நிற்பது என்னவென்று எனக்குத் தெரியும். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "எங்கப்பன் காடும் இப்படித் தண்ணி கெட்டுத்தானுங்க போச்சு. இப்ப அதுல ஒரு கம்பெனி நிக்குது."

போன்

ஒப்பந்தம் முடிந்தது, பெங்களூருக்கே திரும்பி வந்துவிட்டேன். ஒரு காலை, ஆய்வகத்தில் இருக்கும்போது ருக்மணி கூப்பிட்டார். காட்டை விற்கவில்லையாம். மேற்கு மூலையில் இன்னும் உப்புப் பூத்துத்தான் கிடக்கிறதாம். மற்றதில் சோளம் நிற்கிறதாம். பேசிக்கொண்டே போனைக் கீழே பிடித்தார் போல. முதலில் இரைச்சல், பிறகு சலசலவென்று ஏதோ என் காதுக்குள் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டேன். தூரத்திலிருந்து அவர் குரல் வந்தது: "இப்பத்தான் மடை திருப்புனனுங்க. சத்தம் கேக்குதுங்களா?"

ஆக மொத்தம், இரண்டு வருட அரசுப் பணியில் நீட்டிப்பு கிடைத்தது கிணற்றுக்குத்தான், எனக்கில்லை.