ஏரிக்கரையில் வெட்டிய வழி

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், ஆடியும் ஆவணியும் மழையில்லாமல் போயின. ஐயம்பேட்டைப் பக்கம் எங்கள் ஊர் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர்களின் கிணறுகளும் வற்றிவிட, பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, பீப்பாய்களில் தண்ணீர் ஏற்றிப் போனார்கள். அந்த வண்டிகள் சுற்றிப் போகாமல் காய்ந்த ஏரிக்குள்ளேயே போக, ஊர் நாட்டாண்மையான என் அப்பா ஏரிக்கரையை ஓரிடத்தில் வெட்டி வழி விட்டிருந்தார்.

நான் சென்னையில் பூகோளம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கோ பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடானால் காற்றின் போக்கே மாறும், நம் தென்மேற்குப் பருவமழை தளரும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதே மாதிரி வருஷங்கள் சிலவற்றில் ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையோரம் மழை கொட்டியதும் உண்டு. புரட்டாசியில் விடுமுறைக்கு வந்தபோது வெட்டிய கரையைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

"அந்த வழிய அடைச்சிடுங்கப்பா. பெரிய மழை வந்தா ஏரியில தண்ணி நிக்காது."

"வருமுன்னு நிச்சயமா தெரியுமா உனக்கு?"

"தெரியாது. ஆனா வந்தப்புறம் அடைக்க முடியாது."

"வண்டிக்காரங்களுக்கு யாரும்மா பதில் சொல்றது?" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை மண்வெட்டியோடு கிளம்பினேன். அண்ணி கூடையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். ஏரிக்குள் களிமண் வெட்டி, சுமந்து கொட்டினோம்.

"இன்னாமா, வழிய மறிச்சிக்கினு இருக்கீங்க?" என்றார் ஒரு வண்டிக்காரர்.

"ஏரி ரொம்பினா உங்க கெணத்துலயும் தண்ணி ஊறும். சுத்திக்கினு போங்க" என்றார் அண்ணி, கூடையை இறக்காமலே. வண்டிக்காரர் முணுமுணுத்தபடி வண்டியைத் திருப்பினார்.

கை கொப்புளித்தது. துணி சுற்றிக்கொண்டு வெட்டினேன். சில நாள் கழித்து அப்பா ஒரு பீப்பாய்த் தண்ணீரோடு வந்து நின்றார். "காஞ்ச மண்ண கொட்டினா கரைஞ்சிடும். நனைச்சி மிதிக்கணும்" என்றார். அதன்பிறகு ஆட்களும் வந்தார்கள்; வழி அடைபட்டது.

தீபாவளிக்கு மறுபடி வந்தேன். அதுவரை ஒரு தூறல்கூட இல்லை. வழியை அடைத்ததைச் சொல்லி ஊரில் சிரித்தார்கள். எனக்கும் உள்ளூரச் சந்தேகம்தான். பிறகு புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னார்கள். மழை பிடித்தது, விடவே இல்லை. ஏரி ஏறியது. புதுக்கரையில் நீர் கசிந்தபோது ஊரே திரண்டது. அந்த வண்டிக்காரரும் மண் மூட்டைகளோடு வந்தார். பனையோலை பரப்பி, மூட்டை அடுக்கினோம். கரை நின்றது.

பங்குனியில் நெல் அறுத்தோம். களத்துமேட்டில் அப்பா கேட்டார்: "வர்ற வருஷம் எப்படிம்மா இருக்கும்?"

"தெரியாதுப்பா."

அவர் தலையாட்டினார். கோடையில் ஏரி வற்றியதும், வீட்டுக்கு ஓர் ஆள் வைத்து மொத்தக் கரையையும் உயர்த்தச் சொன்னார்.