பாதாள ரயிலும் கத்தரி அக்காவும்

எதிர் இருக்கையில் இருப்பவரின் தலையை மேய்ந்து முடிக்காமல் கத்தரி அக்காவால் ஒரு நிலையத்தைக்கூடத் தாண்ட முடியாது. இன்று சிக்கியிருப்பவன் கழுத்துவரை பச்சை குத்திய வாட்டசாட்டமான ஆள். அவனுக்கு இரண்டு பக்கமும் இருக்கை காலியாகக் கிடக்கிறது; கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள்கூட அங்கே உட்காரத் தயங்குகிறார்கள். அக்காவின் கண் அவனுடைய வலது காதுக்கு மேலேயே நிற்கிறது. கடைசியில் பொறுக்க முடியாமல் எழுந்துபோய் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்.

“தம்பி, யாரு வெட்டிவிட்டது? இந்தப் பக்கம் மட்டும் மேல ஏறிக்கிச்சு பாருங்க. கண்ணாடில பாக்கலையா?”

அவன் காதைத் தடவிப் பார்க்கிறான். “என் வொய்ஃப்தாங்க வெட்டிவிட்டா,” என்கிறான் கூச்சத்தோடு.

“அப்ப நல்லாத்தான் இருக்கு,” என்று அக்கா அந்த நொடியே கட்சி மாறிவிடுகிறார்.

கடைக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்குப் போய் முடிவெட்டுவது அவர் தொழில். படுத்த படுக்கையானவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடப்பவர்கள். நகரத்தின் இந்த மூலையில் ஒரு தலை, அந்த மூலையில் ஒரு தலை. நடுவில் பாதாள ரயில். தோளில் ஒரு தோல் பை. அதற்குள் இரண்டு கத்தரி, ஒரு மெஷின், சீப்புகள், மடித்த வெள்ளைத் துணி. ஆள் குள்ளம், அகலம். குரல் மட்டும் ஆளைவிட உயரம். பெட்டி வாசலை அடைத்துக்கொண்டு நிற்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. “கதவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்களே, அது எங்கேயும் ஓடிடாது, உள்ள வாங்க!” என்பார். கோட்டு போட்டவர்களும் சத்தமில்லாமல் உள்ளே நகர்வார்கள்.

அவர் குடியிருப்பது தம்பி வீட்டில். தம்பிக்காரர் வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். பாதாள ரயிலில் ஏறிப் பல வருஷங்கள் ஆகின்றன. ஆனால் அதில் நடக்கும் அத்தனை அக்கிரமமும் அவருக்கு அத்துப்படி. எங்கோ ஒருவனைக் குத்திவிட்டார்கள், எங்கோ ஒருத்தியைத் தள்ளிவிட்டார்கள் என்று படம் படமாக அவர் போனுக்கு வந்து விழும். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே அவற்றைப் பார்த்து முடித்துவிடுவார். வீட்டுக் கதவுக்கு ஒரு பூட்டு, ஒரு சங்கிலி, ஒரு கொண்டி. அக்கா வேலைக்குக் கிளம்பும்போது அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டுக்கொண்டே, “போறதுதான் போற, ஓரமா போ. யார் மூஞ்சியையும் பாக்காத,” என்பார்.

“மூஞ்சிய யாருடா பாக்கறா? நான் பாக்கறது தலைய.”

சில மாதங்களுக்கு முன் அந்தத் தம்பி சொன்னது பலித்தது. மறைப்பதற்கில்லை. பட்டப்பகல், கூட்டமான நிலையம். அக்கா ரயிலை விட்டு இறங்கி வெளியே போகும் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த ஒருவன் தோள் பையைப் பற்றி இழுத்தான். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அக்கா விடவில்லை. வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவன் இழுத்த இழுப்பில் குப்புற விழுந்து, தாடை படி விளிம்பில் மோதிப் பிளந்தது. வார் அறுந்தது. பை போய்விட்டது.

அதன்பின் என்ன நடந்தது என்பதை அக்கா யாரிடம் சொன்னாலும் விரல் மடக்கி ஒவ்வொருவராகச் சொல்வார். ஒரு பையன் கத்திக்கொண்டே திருடன் பின்னால் ஓடினான். பிடிக்க முடியாமல் மூச்சு வாங்கத் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டான். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, குழந்தையின் துண்டை எடுத்து அவர் தாடையில் வைத்து அழுத்தினாள். தரை கூட்டுகிற அம்மாள் தண்ணீர் கொண்டுவந்தாள். அறிமுகமே இல்லாத ஒரு பெரியவர் ஆஸ்பத்திரி வரை கூடவே வந்து, தையல் போட்டு முடிக்கும் வரை வெளியே உட்கார்ந்திருந்தார். ஒருவன் மட்டும், அவசரம்போல, விழுந்துகிடந்தவரைத் தாண்டிக்கொண்டு போனான். அவனையும் அக்கா விடாமல் சொல்வார்: “அவனும் இருந்தான். இல்லேன்னு சொன்னா பொய்யாயிடும்.”

போலீஸ்காரர் வந்து ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டார். உயரமா, குட்டையா, என்ன சட்டை? அக்காவுக்கு ஒன்றும் நினைவில்லை. “பின்னந்தலைல ரெட்டைச் சுழி. வெட்டி ரெண்டு வாரம் இருக்கும். ஒழுங்கா வெட்டல,” என்றார். போலீஸ்காரர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். வாயெல்லாம் வலித்தாலும் அக்காவும் சிரித்தார். அவன் அகப்படவில்லை. இன்றுவரை அகப்படவில்லை.

அன்று சாயங்காலமே தம்பியின் போனுக்கு ஒரு வீடியோப் படம் வந்தது. படியில் நின்ற யாரோ எடுத்தது. மேலே கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு: ‘பாதாள ரயில் நிலையத்தில் மூதாட்டி மீது கொடூரத் தாக்குதல்.’ தம்பி பார்த்துக்கொண்டே வந்தவர் பாதியில், “ஐயோ, இது நம்ம அக்கா!” என்று அலறினார்.

அக்கா போனைப் பிடுங்கிப் பார்த்தார். பை இழுபடுகிறது, அவர் விழுகிறார், படம் முடிந்துவிடுகிறது. மறுபடி போட்டார். இழுபடுகிறது, விழுகிறார், முடிந்துவிடுகிறது.

“மீதி எங்கடா?”

“இவ்வளவுதான் இருக்கு.”

“அந்தப் பையன் ஓடினானே? துண்ட வெச்சு அழுத்தினாளே ஒருத்தி? அதெல்லாம் எங்க போச்சு?” தையல் போட்ட தாடையைப் பிடித்துக்கொண்டு அக்கா கத்தினார். “அப்புறம், யாருடா மூதாட்டி? எவன் எழுதினான் அத?”

படம் ஊரெல்லாம் சுற்றியது. அக்காவின் வாடிக்கையாளர் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் போன் வந்தது. பாவம், இனிமேல் நீங்கள் அலைய வேண்டாம், நாங்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறோம் என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்பில் அக்காவின் பிழைப்பு ஒவ்வொரு தலையாகக் கழன்றுகொண்டிருந்தது.

அவரும் வெளியே போகவில்லை. காயம் ஆறட்டும் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் காயம் ஆறிக்கொண்டிருக்க, உள்ளே வேறொன்று வளர்ந்தது. அழைப்பு மணி அடித்தால் தூக்கிவாரிப்போட்டது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பார்க்கிற படங்களையெல்லாம் இவரும் பார்க்கத் தொடங்கினார். ஒரு காலையில் குப்பை போட வாசலுக்குப் போனவர், திரும்பி வந்து சங்கிலியைத் தன் கையாலேயே மாட்டினார். மாட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அந்தச் சங்கிலியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொல்கிறார்.

அந்த வாரம்தான் முன்னாள் குத்துச்சண்டைப் பயிற்சியாளர் ஒருவரின் போன் வந்தது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோய் வருஷக்கணக்காகப் படுக்கையில் இருப்பவர். எல்லோரும் வராதே என்று சொன்னபோது, அவர் மட்டும், “முடி காத மூடிடுச்சு. எப்ப வர்ற?” என்று கேட்டார்.

“நாளைக்கு,” என்று அக்காவின் வாய் சொல்லிவிட்டது.

வீட்டில் அமளி. தம்பி குறுக்கே நின்றார். தம்பி மனைவி, “அண்ணி, உங்க நல்லதுக்குத்தானே சொல்றோம்? அந்தப் பக்கம் போறதே ஆபத்துன்னு ஊரே சொல்லுது,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஏண்டா, போன வருஷம் நீ எங்க விழுந்து மணிக்கட்ட ஒடச்சுக்கிட்ட?” என்றார் அக்கா.

தம்பி மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“சொல்லு. மூணு பூட்டுக்கு உள்ள, நம்ம வீட்டு பாத்ரூம்ல. அதுக்கப்புறம் பாத்ரூமுக்கே போகாதன்னு உன்ன யாராவது கட்டிப்போட்டோமா? நீயும் போய்க்கிட்டுத்தான இருக்க?”

மூலையில் படித்துக்கொண்டிருந்த தம்பி மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். “அத்தை சொல்றது கரெக்ட்தானேப்பா?”

“அது வேற, இது வேற,” என்றார் தம்பி.

“வேறதான். அங்க என்னைத் தூக்கிவிட நாலு பேர் இருந்தாங்க. இங்க நீ கத்தினது எங்க காதுல விழவே அரை மணி ஆச்சு.”

கடைசியில், தானும் கூட வருவேன் என்ற நிபந்தனையோடு தம்பி வழிவிட்டார். மறுநாள் மதியம் அவர் தயாராகி வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே. புருவம் வரை இழுத்துவிட்ட தொப்பி, கறுப்புக் கண்ணாடி, அந்த வெயிலிலும் கழுத்துவரை பூட்டிய ஜாக்கெட். புதிதாக வாங்கிய கத்தரிப் பையை அக்காவிடம் தராமல் தன் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார்.

ரயிலில் கூட்டம் சுமார். ஒரு பெண் தூங்கி வழிந்தாள். இரண்டு பேர் எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தம்பி உட்காராமல் கதவோரம் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். ஏறுகிற ஒவ்வொருவரையும் தலை முதல் கால்வரை அளந்தார். வியர்த்துக் கொட்டியது. ஜாக்கெட்டுக்குள் கையைவிட்டுப் போன் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார், எடுத்தார், மறுபடி விட்டார்.

அடுத்த நிலையத்தில் ஓர் அம்மாள் மகளோடு ஏறினாள். ஏறியவள் தம்பியைப் பார்த்தாள். அவருடைய கண்ணாடியை, வியர்வையை, ஜாக்கெட்டுக்குள் போய்வந்த கையை, நெஞ்சோடு அணைத்த பெண்பிள்ளைப் பையைப் பார்த்தாள். மகளைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கைப்பையை மறுதோளுக்கு மாற்றி, பெட்டியின் மறுகோடிக்குப் போய்விட்டாள். சிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் அடங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து வந்து அக்காவிடம் குனிந்து, “அம்மா, அந்த ஆளு உங்களையே பாத்துக்கிட்டு இருக்கான். வேணும்னா அந்தப் பக்கம் வந்து எங்ககூட உக்காருங்க,” என்று கிசுகிசுத்தார்.

அக்கா ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் தாடைத் தழும்பு விண்ணென்று இழுத்தது.

“ஐயோ, அது என் கூடப்பிறந்த தம்பிங்க! என்னைக் காப்பாத்த வந்திருக்கான்!”

பெட்டி முழுக்கச் சிரிப்பு பரவியது. தம்பி கண்ணாடியைக் கழற்றினார். காது சிவந்துவிட்டது. “என்னைப் பாத்தாவா பயப்படறாங்க?” என்று நம்ப முடியாமல் கேட்டார்.

“வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தா அப்படித்தான்டா ஆகும். உக்காரு,” என்று பக்கத்து இருக்கையைத் தட்டினார் அக்கா. பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். தூங்கி வழிந்த பெண் விழித்து, என்ன விஷயம் என்று விசாரித்து, அவளும் சிரித்தாள். இறங்கும் வரை தம்பியிடம் மூன்று பேர் பேச்சுக் கொடுத்தார்கள். அவரும் தயங்கித் தயங்கி பதில் சொன்னார்.

பயிற்சியாளரின் அறையில் மருந்து வாடை. வெள்ளைத் துணியைக் கழுத்தில் சுற்றிவிட்டு அக்கா கத்தரியை எடுத்தார். புதுக் கத்தரி, கைக்கு இன்னும் பழகவில்லை. அது மட்டுமில்லை. விரல் லேசாக ஆடியது.

“பைய விட்டிருக்கணும் நீ,” என்றார் பயிற்சியாளர், உதட்டின் ஒரு பக்கத்தால்.

“என் பைய நான் ஏன் விடணும்?”

“அதுவும் சரிதான்.” காதோரம் கத்தரி வந்ததும், “கை நடுங்குதே?” என்றார்.

“நடுங்கட்டும். அது பாட்டுக்கு நடுங்கட்டும், நான் பாட்டுக்கு வெட்டறேன். காத மட்டும் ஆட்டாதீங்க.”

அவர் காதை ஆட்டவில்லை. தம்பிக்காரர் அறை வாசலில் நின்று முழுவதையும் பார்த்தார். கத்தரிச் சத்தம் முதலில் விட்டுவிட்டுக் கேட்டது, பிறகு சீராகியது. முடித்துக் கண்ணாடியைக் காட்டியபோது பயிற்சியாளர் நல்ல கையை உயர்த்தி முஷ்டி மடக்கினார்.

அக்கா இப்போது எல்லா வீடுகளுக்கும் போய்வருகிறார். வராதே என்றவர்களின் வாசலில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்று, “மூதாட்டி வந்திருக்கேன், கதவைத் திறங்க,” என்று குரல் கொடுத்தாராம். நிலையத்துக்குள் ஆபத்தே இல்லையா என்று கேட்டால் அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறார்: “இருக்கு. பையைக் கெட்டியா புடிச்சுக்கத்தான் செய்யறேன். அதுக்காக ஊரையே திருடன்னு சொல்லிடுவேனா?”

அன்று பயிற்சியாளர் வீட்டிலிருந்து வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அலுவலகம் விட்ட கூட்டம் நிலைய வாசலில் பொங்கி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் தம்பி நின்றுவிட்டார். போனை எடுத்து, “அக்கா, இந்த ஒரு தடவ டாக்ஸி கூப்பிடறேன். ரெண்டு நிமிஷம் நில்லு,” என்றார். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் அக்கா இல்லை. பாதிப் படி இறங்கியிருந்தார், நட்டநடுவில். ஏறி வந்த கூட்டம் அவருக்கு இரண்டு பக்கமும் பிரிந்து போயிற்று. அவர் நிற்கவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. ஒரு கை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீண்டு, உள்ளங்கையை விரித்து, வாடா வாடா என்று விரல்களை அசைத்தது.