நான்கு அசாத்தும் ஒரு மாவுக்கட்டும்

போன வாரம் எங்கள் ஊருக்கு மட்டும் ஒரு நாள் விடுமுறை. ஆகஸ்ட் பதினாறு.

கடலூரில் பள்ளிக்கூட மணி அடிக்கிறது. விழுப்புரத்தில் ஆபீஸ் திறந்திருக்கிறது. புதுச்சேரியில் மட்டும் கதவைச் சாத்திவிட்டு வீட்டில் இருக்கிறோம். ஏன்? பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியது ஒரு நவம்பரில். அதற்கான காகிதங்கள் முறைப்படி முடிந்தது சில வருடங்கள் கழித்து, ஒரு ஆகஸ்ட் பதினாறில். ஊர் விடுதலையானதற்கு ஒரு லீவு... ஃபைல் முடிந்ததற்குத் தனியாக இன்னொரு லீவு!

அரசாங்க ஃபைல்களோடு குடித்தனம் நடத்தி, சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றவன் நான். ஒரு ஃபைல் முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அதைப் புரிந்துகொண்டு லீவு விட்ட ஊர் என் ஊர். இதில் பெருமைப்படாமல் வேறு எதில் பெருமைப்படுவது?

அன்று மதியம் நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூட்டுச் சாப்பாடு. வருடா வருடம் நடப்பதுதான். நாலு குடும்பம். நாங்கள், இரண்டு தெரு தள்ளியிருக்கும் லூயி அண்ணனும் மதலேன் அக்காவும், அரியாங்குப்பத்திலிருந்து, மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பன் கோபால் வீடு, கடலூரிலிருந்து என் மச்சான் தனசேகர் வீடு. தனசேகருக்கு அன்று லீவு கிடையாது. எங்கள் ஊர் ஃபைல் முடிந்ததற்காக வருடம் தவறாமல் கேஷுவல் லீவு போடும் தமிழ்நாட்டு அரசு ஊழியன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

விதிகள் உண்டு. நான் இருக்கும் இடத்தில் இல்லாமல் இருக்குமா?

வீட்டுக்கு ஒரு பதார்த்தம். அந்தந்த வீட்டு அடுப்பில்தான் சமைத்திருக்க வேண்டும். ஹோட்டல் பார்சல் கூடவே கூடாது. இது தனசேகருக்காகவே வந்த விதி. ஒரு வருடம் பிரியாணிப் பார்சலை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி, "உங்க தங்கச்சி பண்ணது" என்று பெருமையோடு திறந்தான். ஹோட்டல்காரன் கட்டிக் கொடுத்த கத்திரிக்காய் பாக்கெட் ஓரத்தில் அப்படியே கிடந்தது!

கடைசி விதி: கொண்டுவந்தவரேதான் பரிமாற வேண்டும். அப்போதுதான் சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டியிருக்கும். தப்பிக்க முடியாது.

மதலேன் அக்கா கொண்டுவருவது எப்போதும் அசாத். தேங்காய்ப்பாலில் வேகும் மீன். எங்கள் ஊர்ப் பழைய கிறிஸ்தவ வீடுகளின் சொத்து. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். இறக்கிய பிறகு! அடுப்பு எரியும்போதே பிழிந்தால் பால் திரிந்துவிடும். ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்லிக்கொண்டேதான் அக்கா பரிமாறுவார்.

இந்த வருடம் ஆகஸ்ட் பிறந்ததுமே அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலது கையில் மாவுக்கட்டு. பார்க்கப் போனேன்.

"இந்த வருஷம் நாங்க வரல தம்பி."

"சும்மா வாங்கக்கா. கைதான உடைஞ்சிருக்கு, வாய் நல்லாத்தான இருக்கு?"

"வெறுங்கையோட வந்து இலை போட்டு உக்கார நான் என்ன ஆடிட் பார்ட்டியா?"

தணிக்கைக்கு வந்து ஓசியில் சாப்பிட்டுப் போகிறவர்களைப் பற்றிய என் ஆபீஸ் கதைகளை எல்லாம் அக்காவிடம் சொல்லி வைத்ததன் பலன்!

லூயி அண்ணன் அக்காவின் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். 'சொல்தா' என்போம் எங்கள் ஊரில். எந்தெந்தப் பாலைவனத்திலோ கூடாரம் அடித்தவர். தன் வீட்டுச் சமையலறைக்குள் மட்டும் நுழைந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனசு கேட்கவில்லை. அக்கா வராவிட்டால் அண்ணனும் வரமாட்டார். ஒரு வருடம் 'வர முடியவில்லை' என்பது, அடுத்த வருடம் 'வழக்கமில்லை' ஆகிவிடும். இப்படி ஒவ்வொரு இலையாகக் குறைந்து நின்றுபோன பந்திகள் எத்தனை!

விதியைத் தளர்த்தலாமா? தளர்த்தினால் அது சலுகை. சலுகை வாங்குகிற ஆளா மதலேன் அக்கா? ஆக, விதியைத் தொடாமல் வழி தேட வேண்டும். அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

மனைவி சரோஜாவைக் கூப்பிட்டேன். "காரக்குழம்போட சேர்த்து ஒரு அசாத்தும் பண்ணிடு. காலையில அவங்க வீட்ல கொண்டுபோய் வெச்சிடறேன். அவங்க அடுப்புல ஒரு தரம் சூடு பண்ணிட்டா, அவங்க அடுப்புல வெந்ததுதான்."

"நீங்க போட்ட ரூலுக்கு நீங்களே ஓட்டை போடறீங்க."

"ஓட்டை இல்ல சரோஜா. விளக்கம்."

பதினாறாம் தேதி காலை. ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் பாத்திரத்தை நிறுத்தி, ஊர்ந்துகொண்டே போனேன். லூயி அண்ணன் வீட்டு வாசலில் கோபால் நிற்கிறான். கையில் தூக்கு.

"என்ன கோபாலு, இங்க?"

"சும்மா... அக்காவைப் பாத்துட்டுப் போலாம்னு. நீ?"

"நானும் சும்மாதான்."

ஒருவன் பாத்திரத்தை மற்றவன் பார்க்காத மாதிரி நின்றோம். அப்போது ஒரு கார் வந்து நின்றது. தனசேகர் இறங்கினான், கைக்குழந்தையை அணைப்பதுபோல ஒரு குக்கரை அணைத்துக்கொண்டு.

"மாமா! நீங்க எங்க இங்க?"

எந்த மூடியையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. வாசல் முழுக்கத் தேங்காய்ப்பால் வாசனை. மூன்று பேருக்கும் ஒரே மூளை... ஒவ்வொருவனும் அது தனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருக்கிறான்!

உள்ளே போனால், சமையலறை வாசலில் நாற்காலி போட்டு அக்கா. அடுப்புக்கு முன்னால், இடுப்பில் துண்டு கட்டி, வேர்த்து வழிய... லூயி அண்ணன்.

"கரண்டி போடாதீங்க, மீன் உடையும்! சட்டியப் புடிச்சு ஆட்டுங்க. சட்டியங்க! நீங்க ஏன் ஆடறீங்க?"

அண்ணன் எங்களை ஓரக்கண்ணால் பார்த்தார். "இவ வரலன்னா நானும் வர முடியாது. என் சாப்பாடு போயிடும். அதான், நீ ஆர்டர் போடு, நான் செய்யறேன்னுட்டேன்."

அக்காவின் பார்வை எங்கள் கைகளுக்கு வந்தது.

"அது என்னது மூணு பேர் கையிலயும்?"

"இல்லக்கா... சரோஜா கொஞ்சம்..."

"தொற."

திறந்தோம். அக்கா இடது கையில் ஸ்பூன் வாங்கி ஒவ்வொன்றாக நாக்கில் வைத்தார். எந்த ஆடிட்டிலும் எனக்கு அப்படி வேர்த்ததில்லை.

"இது சரோஜா. தேங்கா வாங்க நீ காசு குடுக்கலியா தம்பி?" அடுத்தது தனசேகரின் குக்கர். "இது போன்ல வீடியோ பாத்துப் பண்ணது." தனசேகர் தலை குனிந்தான். கடைசியாகத் தூக்கு. "கோபாலு! மீன் அருமை. ஆனா அசாத்துல எவன்டா புளி ஊத்துவான்?"

கோபால் முழித்த முழியைப் பார்க்க லூயி அண்ணனும் திரும்பினார். கையில் அறுத்த எலுமிச்சம்பழம். எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிழிந்தார்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

ஒரு நிமிடம்தான். பால் தனி, தண்ணீர் தனி. பாலைவனத்துக்கெல்லாம் அசராத மனிதரின் முகம் வாடிப்போயிற்று. "நீ இறக்கச் சொல்லலியே..." என்றார், சின்னக் குரலில்.

தப்பு யார் மேல்? உதவி செய்கிறேன் என்று வந்து நின்ற எங்கள் மூன்று பேர் மேல்தான்.

"அக்கா, கவலைப்படாதீங்க. வேற அசாத் மூணு இருக்கு. அதுல ஒண்ண..."

"தம்பி, ரூல் போட்டது யாரு?"

"நான்தான்."

"என் அடுப்புல வெந்தது எது?"

திரிந்த சட்டியைக் காட்டினேன்.

"அதான் வரும். நாங்களும் வருவோம். அவரே பரிமாறுவாரு."

மதியம் மாடியில் இலை போட்டோம். கோபால் வீட்டு நண்டு, தனசேகர் வீட்டுச் சுறாப்புட்டு, எங்கள் வீட்டுக் கத்திரிக்காய்க் காரக்குழம்பு... நாலு வீட்டு உப்பு ஒரே இலையில் விழும் ருசி இருக்கிறதே, அதை எந்த ஹோட்டல்காரனும் கட்டிக் கொடுக்க முடியாது. அப்புறம் லூயி அண்ணன் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த முதுகு, கையில் சட்டி. ஒரு இலையையும் தவறவிடவில்லை. ஒவ்வொரு முகத்தையும் நேராகப் பார்த்துப் பரிமாறினார்.

தனசேகரின் மகள் கேட்டாள். "தாத்தா, இதுல பன்னீர் போட்டிருக்கீங்களா?"

விஷயம் தெரிந்த நாங்கள் மூன்று பேரும் அவசரமாக நண்டு உடைத்தோம்.

"ஆமா கண்ணு" என்றார் அக்கா. "தாத்தா புதுசா கண்டுபுடிச்சது. இன்னும் ஊத்திக்க."

கடைசியாக அக்காவின் இலை. அண்ணன் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு நகராமல் நின்றார். அக்கா இடது கை ஸ்பூனால் எடுத்து வாயில் வைத்தார். மென்றார். எங்கள் எல்லார் வாயும் நின்றுவிட்டது.

"பா மால்" என்றார்.

பிரெஞ்சில் 'பரவாயில்லை' என்று அர்த்தம். சாதாரண வார்த்தைதான். ஆனால் இத்தனை வருடப் பழக்கத்தில் அடுத்தவர் சமையலுக்கு அக்கா அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. காலையில் எங்கள் மூன்று பாத்திரத்துக்கும் சொல்லவில்லை. அண்ணன் இன்னொரு கரண்டி ஊற்றினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். மிளகாய்க் காரமாம். அசாத்தில் அவ்வளவு காரம் ஏது?

நல்ல சமையலைப் பரிமாறப் பெருமையாகத்தான் இருக்கும். கெட்டுப்போன குழம்பைத் தானே தூக்கிவந்து, கண்ணைப் பார்த்துப் பரிமாற எத்தனை பேரால் முடியும்? அப்படி ஒருவர் என் வீட்டு மாடியில் நின்றார். 'எங்கள் வீட்டில் வெந்தது இதுதான்' என்று அதன் பக்கத்தில் ஒருவர் இலை போட்டு உட்கார்ந்தார். இவர்கள் என் கூட்டாளிகள் என்று எழுதும்போதே எனக்கு முதுகு நிமிர்கிறது.

திரிந்த சட்டி வழித்தெடுக்கப்பட்டுவிட்டது. திரியாத மூன்று அசாத்தும் மிஞ்சி, அவரவர் வீட்டுக்கே திரும்பின. புளி ஊற்றியது உட்பட.

விதிகளில் ஒரு திருத்தம் தயார்: இனிமேல் அந்த வீட்டு அசாத், லூயி அண்ணன் பொறுப்பு. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். மதலேன் அக்காவின் கையெழுத்துதான் பாக்கி. மாவுக்கட்டு பிரிக்கட்டும்... ஃபைல் நிலுவையில் இருக்கிறது!