கையெழுத்துக்குக் காத்திருந்த கோல்கீப்பர்

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்து லீகின் விதி பதினேழு இது: 'வெளிநாட்டைச் சேர்ந்த ஆட்டக்காரர், அவருடைய நாட்டுச் சங்கத்திடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வந்து சேரும்வரை எந்த அணிக்கும் ஆடக் கூடாது. அக்கடிதத்தைச் செயலாளரே முறையான வழியில் கேட்டுப் பெற வேண்டும்.'

வாசகம் என்னுடையது. அப்போது பதினோரு வருடமாக நான்தான் அந்த லீகின் கௌரவச் செயலாளர். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு என்று பொருள். விதியை எழுதியபோது வெளிநாட்டுக்காரர் ஒருவர் நிஜமாகவே வந்து நிற்பார் என்று நான் நினைக்கவில்லை. விதிப் புத்தகம் முழுமையாக இருக்க வேண்டுமே என்று எழுதி வைத்தேன்.

1996 அக்டோபரில் ஒருவர் வந்து நின்றார். லீகின் தலைமையகம் என்பது மந்தைவெளியில் என் வீட்டு முன்னறையும், கட்டிலுக்கு அடியில் இருந்த இரண்டு தகரப் பெட்டிகளும்தான். பட்டினப்பாக்கம் அணியின் கேப்டன் அவரை ஸ்கூட்டரில் உட்கார வைத்து அழைத்து வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், நாற்பது வயது, டென்மார்க்காரர். ஏதோ தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த வந்து அடையாறில் குடியிருந்தார். விடியற்காலையில் கடற்கரையில் ஓடப் போனவர், மீனவர்கள் பந்தாடுவதைப் பார்த்து அவர்களோடு சேர்ந்துவிட்டார். ஊரில் ஞாயிறுதோறும் கோல்கீப்பராக நின்றவராம். பட்டினப்பாக்கத்தாருக்கோ இரண்டு வருடமாக உருப்படியான கோல்கீப்பர் இல்லை.

"சார், இவரு நின்னாருன்னா ஒரு பந்து உள்ள பூராது. கார்டுல ஒரு கையெழுத்து, அவ்ளோதான்" என்றார் கேப்டன்.

எங்கள் லீகில் ஒவ்வொருவருக்கும் போட்டோ ஒட்டிய கார்டு உண்டு. ஆட்டத்துக்கு முன் பதினோரு கார்டையும் மேஜையில் பரப்பி, ரெஃப்ரி முகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். செயலாளர் கையெழுத்து இல்லாத கார்டு வெறும் அட்டை. அவருடைய போட்டோவை ஒட்டினேன், பெயர் எழுதினேன், கையெழுத்து இடத்தைக் காலியாக விட்டேன். விதி பதினேழை விளக்கினேன்.

நான் எதிர்பார்த்தது முகச்சுளிப்பு. அவர் கேட்டதோ, "விதிப் புத்தகம் ஒன்று கிடைக்குமா?" கட்டிலுக்கு அடியில் இருநூறு பிரதிகள் கிடந்தன. பதினோரு வருடத்தில் ஓர் ஆட்டக்காரர் கேட்டு வாங்கியது அதுதான் முதல் முறை.

அக்டோபர் 14ஆம் தேதி கடிதம் எழுதினேன். மெட்ராஸ் சென்னையாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. லெட்டர்பேடில் மெட்ராஸை அடித்துச் சென்னை என்று எழுதினேன். முறையான வழி என்றால், எங்கள் லீக் இணைந்திருந்த பெரிய அமைப்புக்கு அனுப்பி, அவர்கள் டென்மார்க்குக்கு அனுப்ப வேண்டும். அந்த அமைப்பின் அலுவலகம் தேனாம்பேட்டையில் ஒரு மாடியில் இருந்தது. ஆபீசுக்குப் போகும் என் பஸ் தினமும் அதன் கீழேதான் சிக்னலுக்கு நிற்கும். முப்பது நாள் ஆனதும் நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு இரண்டாவது, மூன்றாவது. எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொண்டேன்.

மழை முடிந்து டிசம்பரில் ஆட்டங்கள் தொடங்கின. அவர் ஒரு ஞாயிறுகூட வராமல் இருந்ததில்லை. பட்டினப்பாக்கம் அணிக்கு ஒரு பெருமை உண்டு: லீகிலேயே கோல் கம்பத்துக்கு வலை கட்டிய அணி அவர்கள் மட்டும்தான். பழைய மீன்வலை. காலை ஆறு மணிக்கே வந்து அந்த வலையைக் கட்டுவது டென்மார்க்காரரின் வேலை. பிறகு சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவார். பிறகு கோலுக்குப் பின்னால் போய் நிற்பார், வாய் திறக்காமல். கோலுக்குப் பின்னாலிருந்து யோசனை சொல்லக் கூடாது என்று விதி பதினான்கு இருக்கிறது. ஒரு முறை பந்து வரும் வேகத்தில் கத்தப் போய், தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

மீனுக்கு ஐஸ் உடைத்துத் தரும் பருத்த மனிதர் ஒருவர்தான் அந்த அணியின் கோலில் நின்றார். அவரைத் தினமும் விடியலில் மணலில் விழ வைத்து, புரள வைத்து, டென்மார்க்காரர் பழக்கினார். தன் இடத்தில் நிற்பவரை அப்படிப் பழக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? ஜனவரிக்குள் அந்த ஐஸ்காரர் பந்துக்குப் பாய்ந்து விழுவதைப் பார்க்கவே கூட்டம் சேர்ந்தது.

ஆட்டம் முடிந்ததும் டென்மார்க்காரர் என் மேஜைக்கு வருவார். தமிழையும் அவர் கடற்கரையில்தான் கற்றிருந்தார். "இன்னா சார், லெட்டர் வந்திச்சா?"

"இன்னும் இல்லை."

"வரும் சார், வரும்." என்னவோ நான்தான் ஆட முடியாமல் தவிப்பவன் போல எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்.

வீட்டில் என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "பந்தாடறதுக்கு ஒரு மனுஷன் வந்திருக்கார். பொண் கேட்டு வந்தவன்கிட்ட ஜாதகம் கேக்கற மாதிரி கேட்டுண்டு இருக்கேளே!"

"விதி இருக்கு" என்றேன்.

"எழுதினது யாராம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் மாதம் கடைசி லீக் ஆட்டம். பட்டினப்பாக்கம் டிரா செய்தால் போதும், முதல் முறையாக இறுதியாட்டத்துக்குப் போவார்கள். தோற்றால் அந்த இடம் அடையாறு அணிக்கு. எதிரே ஆடியது தி.நகர் ஜவுளிக்கடை ஊழியர்களின் அணி. அவர்களுக்கு வாய்ப்பு முன்பே முடிந்துவிட்டது. டென்மார்க்காரருக்கு அந்த வாரம் புதன்கிழமை விமானம். வேலை முடிந்து ஊர் திரும்புகிறார்.

அன்று காலை ஐஸ்காரர் கையில் பெரிய கட்டோடு வந்தார். முந்தின நாள் ஐஸ் பாளம் சரிந்து இரண்டு விரல் நசுங்கியிருந்தது.

கேப்டன் என் மேஜைக்கு வந்தார். கெஞ்சவில்லை, நேராகவே கேட்டார். "சார், இன்னிக்கு ஒரு நாளு. அவரு மூஞ்சியப் பாரு சார். நாலு மாசமா வலைய கட்டிக்கினு கீறாரு."

எதிர் அணி கேப்டன், திருநெல்வேலிக்காரர், அதற்குள் வந்துவிட்டார். "ஆடட்டும் சார். எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஒரு நல்ல கீப்பருக்கு எதிரா கோல் போட்டோம்னு நாங்களும் சொல்லிக்கிடுவோம்லா."

ரெஃப்ரி என்னைப் பார்த்தார். மைதானமே என்னைப் பார்த்தது. முப்பத்தோரு வருட உத்தியோகத்தில் செய்யாத ஒன்றை அன்று செய்யத் துணிந்தேன். அந்தக் கார்டை எடுத்தேன், பேனாவைத் திறந்தேன்.

ஒரு பெரிய கை கார்டை மூடியது.

"வேணாம் சார்" என்றார் டென்மார்க்காரர். "விதி இருபத்து மூணு."

இருபத்து மூன்று எனக்குத் தெரியாதா? நான் எழுதியது. பதிவு பெறாதவரை இறக்கிய அணி அந்த வருடத்துப் புள்ளிகள் அனைத்தையும் இழக்கும். அடுத்த வருடம் ஆடவும் முடியாது. அங்கிருந்த இரண்டு அணிகளும் சம்மதித்ததைப் பார்த்த நான், அங்கே இல்லாத அடையாறு அணியை மறந்துவிட்டேன். அவர்கள் மறுநாள் ஒரு புகார் எழுதினால் என் கையெழுத்து நிற்காது.

"லெட்டர் இல்லாம சைன் போட்டா, அது சைன் இல்ல சார். நான் புதன்கிழமை பூட்வேன். இவங்க இங்கதானே கீறாங்க?"

கேப்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ கோல்ல நில்லு மச்சி" என்று டென்மார்க்காரர் தன் கையுறைகளைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். அப்போதுதான் கவனித்தேன்: கையுறை மாட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார். ஆசை இல்லாமல் இல்லை.

கேப்டனுக்குக் கோலில் நின்று பழக்கமில்லை. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். கடைசிப் பந்து அவருடைய கையுறைக்குள் புகுந்து நழுவி உள்ளே போனது. கோலுக்குப் பின்னால் நின்றவர் அப்போதும் வாய் திறக்கவில்லை. விசில் ஊதியபின் உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்துவிட்ட கேப்டனைத் தூக்கி நிறுத்தினார். பிறகு வலையை முடிச்சு முடிச்சாக அவிழ்த்து மடித்தார்.

செவ்வாய் மாலை விடைபெற வீட்டுக்கு வந்தார். "லெட்டர் வந்திச்சா சார்?"

இல்லை என்று தலையசைத்தேன். "வந்தா கார்டை கேப்டன்கிட்ட குட்த்துடுங்க" என்றார். விதிப் புத்தகத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எடுத்துக்கொண்டு போனார்.

டென்மார்க் சங்கத்திடமிருந்து பதில் வந்தது, இரண்டு மாதம் கழித்து. மூன்றே வரி. அவர் ஆட ஆட்சேபணை இல்லை. ஞாயிறு ஆட்டங்களுக்கு இப்படிக் கடிதம் கேட்கத் தேவையும் இல்லை. மேலே குறிப்பு: 'உங்கள் அக்டோபர் 14 தேதியிட்ட கடிதம், ஏப்ரல் 21 அன்று அங்கிருந்து அனுப்பப்பட்டது, நேற்றுக் கிடைத்தது.'

கடல் தாண்டிப் போகவும் பதில் வந்து சேரவும் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மீதி ஆறு மாதமும் என் கடிதம் தேனாம்பேட்டை மாடியில், நான் தினமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போன ஜன்னலுக்கு உள்ளே கிடந்திருக்கிறது. ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கிப் படியேறியிருந்தால் போதும். நினைவூட்டல் அனுப்பும் முறை எனக்குத் தெரியும். படியேறுவதற்கு எந்த விதியும் இல்லாததால் அது தோன்றவில்லை.

அன்று மாலையே கார்டில் கையெழுத்திட்டுப் பட்டினப்பாக்கம் போனேன். கேப்டன் வலை பின்னிக்கொண்டிருந்தார். "இன்னாத்துக்கு சார் இப்போ? ஆளே பூட்டாரு" என்றவர், போட்டோவை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையில் அதைப் போட்டு, கோல் வலையின் மேல் மூலையில் இறுக்கிக் கட்டினார். அடுத்த வருடம் முழுக்க ஒவ்வொரு ஆட்டத்திலும் அது அங்கே தொங்கியது. ரெஃப்ரியும் கேட்கவில்லை, நானும் எந்த விதியையும் தேடவில்லை.

யாருக்காக என்று தெரிந்து விதியைக் காப்பாற்றியவர் அவர். அதை வெறுமனே காவல் காத்தவன் நான். இன்றும் யாரிடமாவது 'விதி இடம் தரவில்லை' என்று சொல்ல வாயெடுத்தால், அந்தக் கார்டில் என் கையெழுத்துக்குக் கீழே நான் எழுதிய, பதில் வந்து சேர்ந்த தேதி கண்முன் நிற்கிறது: 12-5-1997.