எங்கள் ஸ்டோர் கக்கூஸின் சாவி

கொழும்பிலிருந்து வந்த தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் எங்கள் மேசைக்கு முன்னால் நின்று, "பொம்பளைங்க அவசரம்னா எங்க போறது?" என்று கேட்டபோது எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அவர் சிங்களவர். உடைந்த தமிழில் மரியாதையாகத்தான் கேட்டார். பக்கத்தில் நின்ற, தேயிலைப் பக்குவம் பார்க்கிற பொறுப்பாளர் டீமேக்கர் ஐயா தொண்டையைக் கனைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அப்போது எனக்கு ஆறு மாசம். காலையிலிருந்து இரண்டு தடவை சரிவில் ஏறி இறங்கியிருந்தேன்.

"தேயிலைக்குள்ளதாங்க போறோம்," என்றேன்.

"எந்தத் தேயிலை?"

"நீங்க குடிக்கிற தேயிலைதாங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் நாத்தனார் மேசைக்கடியில் என் காலை நறுக்கென்று மிதித்தாள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார்.

டிக்கோயாவுக்கு மேலே இருந்தது எங்கள் தோட்டம். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே காய்ந்த தூளிலிருந்து குச்சி பொறுக்கிச் சலிக்கிற வேலையில் பெண்கள் எட்டுப் பேர் இருந்தோம். ஆம்பளைகளுக்கு ஓடைப் பக்கம் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. எங்களுக்கு ஒன்றுமில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் கக்கூஸ் மலைக்கு மேலே இருந்தது, போய் வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும். அதனால்தான் தேயிலைச் செடி மறைவு. மழை நாளில் போகிறவள் அட்டையைக் காலில் ஒட்டவைத்துக் கூட்டிக்கொண்டுதான் வருவாள். ஒருநாள் சலித்து வைத்த தூளின்மேல் அட்டை ஒன்று நெளிந்ததைப் பார்த்து டீமேக்கர் ஐயா அன்று மத்தியானச் சாப்பாட்டையே தொடவில்லை.

அவருக்கு மூக்குதான் எல்லாம். பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் தேயிலை இழுத்துக்கொள்ளும். அதனால் எங்களுக்குப் பூ கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, வெற்றிலை கூடாது, வெள்ளிக்கிழமை மஞ்சள்கூட ஆகாது. காலையில் ஸ்டோர் வாசலில் நின்று எங்கள் தலையை ஒவ்வொன்றாக மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். "என் வீட்டுக்காரரே இப்படி மோந்து பார்த்ததில்ல," என்று ஒருத்தி சொல்ல, நாங்கள் அன்றைக்கெல்லாம் குனிந்து குனிந்து சிரித்தோம்.

இன்ஸ்பெக்டர் எழுதிப்போன இரண்டாம் மாசம் கக்கூஸ் எழும்பியது. எனக்கு வயிறும் எட்டு மாசமாகியிருந்தது. சிமெந்துத் தரை, வெள்ளையடித்த சுவர், பச்சைக் கதவு. கதவுக்கு வெளியே பூட்டு, உள்ளே தாழ்ப்பாள். வெளிச்சுவரில் ஒரு குழாய், அதன்மேல் மாடத்தில் ஒரு சிவப்பு கார்பாலிக் சோப்பு. எல்லோரும் கை கழுவ வேண்டும் என்பது இன்ஸ்பெக்டர் எழுதிவைத்த உத்தரவு. வாய் நீண்டவளிடமே இருக்கட்டும் என்று சாவியை என்னிடம் கொடுத்தார்கள். முந்தானையில் முடிந்துகொண்டேன். முதல் நாள் நாத்தனார் கதவுக்கு முன்னால் கோலம் போட்டுவிட்டாள். இதற்கெல்லாமா கோலம் போடுவார்கள் என்று கேட்டால், "புது வீடுதானே அண்ணி," என்றாள்.

எனக்கு அந்தத் தாழ்ப்பாளைத்தான் பிடித்தது. எங்கள் லயக் காம்பரா ஒற்றை அறை, அதில் ஏழு பேர். இருந்தது ஒரே கதவு, அதையும் குளிருக்குத்தான் சாத்துவோம். நான் மட்டும் உள்ளே இருந்து சாத்திய கதவு என்று பிறந்ததிலிருந்து ஒன்றும் இருந்ததில்லை.

சோப்பை மட்டும் நாங்கள் தொடவில்லை. கையில் எடுத்து மோந்து பார்த்தோம், காரமான வாசம். "இதப் போட்டுட்டு மேசையில உக்காந்தா அந்த மனுசன் நம்மள மோப்பம் புடிச்சே கொன்னுடுவாரு," என்றாள் நாத்தனார். தேயிலை காயவைக்கிற விறகடுப்பிலிருந்து சாம்பலை எடுத்துச் சலித்து, தேங்காய்ச் சிரட்டையில் போட்டு உள்ளே வைத்தோம். அதைத் தேய்த்துத்தான் கை கழுவினோம். வாசமே இருக்காது, கையும் சுத்தமாகிவிடும்.

ஆனால் சோப்பு கரைந்துகொண்டே வந்தது. பிள்ளை குட்டிகளைக் குளிப்பாட்ட எவளோ சுரண்டிக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். நாத்தனாரையே கேட்டுவிட்டேன். அவள் அன்று மேசையின் அந்தக் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வாரம் தோட்டத்து மேலாளர், எங்கள் பெரிய தொரை, தேயிலை ருசி பார்க்க வந்தார். எங்கள் மேசைக்கு எதிரே ஜன்னலோரம் வெள்ளைக் கோப்பைகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் பெட்டியிலிருந்து தூளைப் போட்டுக் கொதிநீர் ஊற்றி வைத்திருந்தார் டீமேக்கர் ஐயா. தொரை கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சினார். துப்பினார். அடுத்த கோப்பைக்குப் போனார். அதையும் துப்பினார். முகம் சிவந்துபோனது.

"என்ன இது? ஆஸ்பத்திரி மாதிரி வாசம்."

டீமேக்கர் ஐயாவும் உறிஞ்சிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. "தொரை, அந்தக் கக்கூஸ் வந்ததுல இருந்துதான். பொம்பளைங்க சோப்புக் கையோட தூளத் தொடுறாங்க."

"பூட்டு. சாவி வாங்கு. இன்ஸ்பெக்டருக்கு நான் எழுதுறேன்," என்றார் தொரை.

மறுபடியும் அட்டைக்காடா? இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டா? டீமேக்கர் ஐயா என்னிடம் வந்து சாவிக்குக் கையை நீட்டினார். அப்போதுதான் குப்பென்று அடித்தது. பிள்ளைத்தாய்ச்சி மூக்கு எப்படி என்று பெற்றவர்களுக்குத் தெரியும். பக்கத்து லயத்தில் கருவாடு பொரித்தாலே எனக்குக் குமட்டும். அந்தக் கையில் வந்தது சிவப்புச் சோப்பு வாசம்.

கை கழுவ வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னதை அந்த ஸ்டோரிலேயே ஒழுங்காகக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். தினமும் ருசி பார்க்க உட்காருவதற்கு முன்னால் எங்கள் குழாயில் கழுவிக்கொண்டு வந்து, தூளை உள்ளங்கையில் தேய்த்து மோந்து, அதே விரலால் கோப்பையில் போட்டிருக்கிறார். எட்டுப் பேர் தலையை மோந்த மனுசன் தன் கையை மோந்து பார்க்கவில்லை.

சாவியை முந்தானையோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "தொரை, அதே பெட்டியில இருந்து இன்னொரு கோப்பை ஊத்தச் சொல்லுங்க. ஐயா கை படக் கூடாது."

"பின்ன யார் கை?"

"என் கைங்க. நாங்க சோப்பே போடுறதில்ல, சாம்பல்தான்."

தொரை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பெட்டியிலிருந்து தூளை எடுத்துக் கோப்பையில் போட்டேன். கொதிநீர் ஊற்றினார்கள். மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தார்கள். அந்த மணலைவிட மெதுவாக இறங்கிய எதையும் நான் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்துத்தானா வயிற்றுக்குள்ளிருந்த மகராசி மூத்திரப் பையை உதைக்க வேண்டும். காலை மாற்றி மாற்றி நின்றேன். நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

தொரை உறிஞ்சினார். துப்பினார். மறுபடி ஒரு கரண்டி எடுத்தார். இந்தத் தடவை விழுங்கிவிட்டார்.

"நல்ல தேயிலை," என்றார்.

டீமேக்கர் ஐயா மெதுவாகத் தன் வலது கையை மூக்குக்குக் கொண்டுபோனார். கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். தொரை தொப்பியைக் கழற்றிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கடைசியில் ஐயாவும் சிரித்தார், பாவம். சாம்பல் எந்த அடுப்பிலிருந்து எடுக்கிறோம் என்று என்னிடமே கேட்டார். சாவி என்ன ஆவது என்று தொரை ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

நான் அதைக் கேட்க அங்கே இல்லை. எட்டு மாச வயிற்றோடு ஓடினேன். பூட்டைத் திறந்து, உள்ளே போய், தாழ்ப்பாளைப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஏழு பேரும் கதவுக்கு வெளியே வந்துவிட்டார்கள். சிரிப்புச் சத்தம் தாங்கவில்லை.

"அண்ணி, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்னு தொரை சொல்லிட்டாரு," என்று நாத்தனார் கதவைத் தட்டினாள். "இன்னும் எவ்வளவு நேரம்? நாங்களும் போகணும்ல?"

"தாழ்ப்பா போட்டிருக்கேன்ல. இருடி, வர்றேன்."

வேலை எப்போதோ முடிந்திருந்தது. இருந்தாலும் சுவரில் சாய்ந்து, வயிற்றைத் தடவிக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றேன்.